ஐந்தாம் வகைக்கு ஆயுதம்

தெருவில் முழங்கால் அளவுக்கு நின்ற தண்ணீர் காலையிலேயே வடிந்துவிட்டது. மாடிப்படியின் மூன்றாவது படி மட்டும் இன்னும் ஈரமாகவே இருந்தது.

நான்கு நாள் புயல் மழைக்குப் பிறகு கத்திவாக்கத்தில் ஈரம் ஒரு செய்தியே இல்லை. தலையணை ஈரம், தீப்பெட்டி ஈரம், சுவரில் மாட்டிய மாதா படத்தின் கண்ணாடிக்குள்கூட ஈரம் புகுந்து மாதாவின் நீல அங்கி ஒரு பக்கம் கரைந்திருந்தது. ஆனாலும் வால்டருக்கு அந்தப் படி உறுத்தியது. முதல் படி காய்ந்துவிட்டது. இரண்டாவது படியில் சேறு காய்ந்து பொருக்கு பொருக்காக எழும்பியிருந்தது. மூன்றாவது படியில் மட்டும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கறுப்பாக ஒரு விரல்கடைத் தண்ணீர், வழியாமல், சொட்டாமல், யாரோ அளந்து ஊற்றி வைத்தது மாதிரி நின்றது. கழிமுகத்துச் சேற்று வாடை, கப்பல் எண்ணெய் வாடை, இரண்டுக்கும் அடியில் மூடிய அறைக்குள் பழுத்த பலாப்பழம் போல ஒரு இனிப்பு வாடை. அந்த இனிப்புதான் அவனுக்குப் பிடிக்கவில்லை.

கீழ்வீட்டுச் செல்வம் சாவியோடு மேலே வந்தான். கழிமுகத்தில் இறால் பிடிக்கிறவன், வால்டர் வயசுதான். இரண்டாவது படியில் நின்றவன், மூன்றாவதில் கால் வைக்காமல், லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரே எட்டில் நான்காவதுக்குத் தாவினான்.

"இன்னா செல்வம், படில பாம்பா கீது?"

"பாம்பா இருந்தா பரவால்ல மாமு. இந்தா சாவி. நாங்க திருவொத்தியூரு மச்சான் வூட்டுக்குப் போறோம். தெருவே காலி. நீயும் கொயந்தையத் தூக்கிகினு கெளம்பு."

"பாப்பாவுக்கு ஜொரம் கொதிக்குது. ஷெர்லின் வந்தாதான் கெளம்ப முடியும்."

செல்வம் தலையைச் சொறிந்தான். சொல்லலாமா வேண்டாமா என்று நின்றவன் கடைசியில் சொன்னான்.

"காலீல வாசல்லயே வலை போட்டேன். ஏரி ஒடைஞ்சா தெருவுக்கே கெண்டை வரும். ஆனா கெண்டை வரல. வேற ஒண்ணு ஏறிச்சு."

"இன்னாது?"

"தெரில. தண்ணிக்கு மேல தூக்கல. கைல வெய்ட்டு தெரிஞ்சிச்சு. ஒரு கொயந்த வெய்ட்டு. துள்ளல, இழுக்கல. சும்மா கெடந்துச்சு. வலைய அறுத்து வுட்டுட்டேன்."

"புது வலையாச்சேடா!"

"புதுசுதான். இன்னா பண்றது? தெரியாதது ஏறிச்சினா நாங்க அடிக்க மாட்டோம், அதுக்குப் பேர் வைக்க மாட்டோம். அறுத்து வுட்டா அது பாட்டுக்குப் போய்டும். எங்காளுங்க பழக்கம்."

"நல்ல பழக்கம் போ. என்னாண்ட வந்திருந்தா நாலு போடு போட்டிருப்பேன்" என்றான் வால்டர். செல்வம் இறங்கும்போதும் அந்தப் படியைத் தாண்டியே இறங்கினான்.

வால்டருக்குப் பிழைப்பே நாலு போடு போடுவதுதான். முன்பு பன்னிரண்டு வருஷம் துறைமுகத்தில் இருந்தான். கப்பலின் மேல்தட்டில் அடுக்கிய கண்டெய்னர்கள் சரியாதபடி இரும்புக் கம்பி கொடுத்து இறுக்குகிற வேலை. கிரேன் இரைச்சலைத் தாண்டி மேலேயிருந்து அவன் ஒரு சத்தம் போட்டால் கீழே லாரிக்காரன் தானாகப் பிரேக்கை மிதிப்பான் என்று சொல்வார்கள். ஒருநாள் முழங்கால் நசுங்கியதோடு அந்த வேலை போயிற்று. இடுப்புயரத்துக்கு வெட்டிய ஒரு கம்பியும் அந்தக் குரலும்தான் மிச்சம். கம்பி கதவுக்குப் பின்னால் நிற்கிறது. குரல் அவன் தொண்டையில் இருக்கிறது, கல்யாண வீட்டில், ரேஷன் கடை வரிசையில், யாராவது வாலாட்டினால் வெளியே வரும்.

இப்போது வீட்டிலிருந்தபடியே கேம் சோதிக்கிற வேலை. வாளும் மந்திரமுமாக ஒரு சண்டை கேம். அதில் ஐந்து வகைப் பூதங்கள், நான்கு ஆயுதங்கள். எந்த வகைக்கு எந்த ஆயுதம் வலிக்கும் என்று கம்பெனிக்காரர்கள் ஒரு பட்டியல் போட்டிருந்தார்கள். பட்டியலில் உள்ளபடி ஆட்டத்தில் நடக்கிறதா என்று பார்ப்பதற்காக, ஒவ்வொரு பூதத்தையும் ஒவ்வொரு ஆயுதத்தாலும் வரிசையாக அடித்துப் பார்ப்பான். நீர்வகைக்கு உப்பு. சதைவகைக்கு இரும்பு. அழுகல்வகைக்குத் தீ. நிழல்வகைக்கு முழக்கம், அதாவது வீரன் வாயைத் திறந்து ஒரு சத்தம் கொடுத்தால் நிழல் கிழிந்து ஓடிவிடும். முழக்கம் என்றால் வால்டருக்குத் தனிப் பெருமை. அந்த வீரனுக்குக் குரல் கொடுத்ததே அவன்தான்.

ஐந்தாம் வகைதான் வம்பு. அதற்கு நேரே ஆயுதக் கட்டம் காலியாக இருந்தது. அது வீரனைத் தாக்காது. பின்னாலேயே மெதுவாக வரும், பக்கத்தில் வந்து நிற்கும், விட்டுவிட்டால் கொஞ்ச நேரத்தில் கலைந்து போய்விடும். வால்டர் அதற்கு 'தோஸ்து' என்று பேர் வைத்திருந்தான். தோஸ்தை எந்த ஆயுதத்தால் அடித்தாலும் முதல் அடிக்குத் தெறித்து ஓடியது. ஆனால் திரும்பி வந்தபோது அதே ஆயுதம் அதன் கையில் இருந்தது. அதோடு, வீரன் கையில் அந்த ஆயுதம் இருக்கவில்லை.

இது தப்பு என்று அவன் கம்பெனிக்கு எழுதிப் போட்டான். அங்கே அவனுக்கு மேலே இருக்கும் ரூத் மத்தியானம் பதில் அனுப்பியிருந்தாள்: "வால்டர், அது தப்பு இல்ல. அது அப்படித்தான். எதால அடிக்கிறீங்களோ அதை அது வாங்கி வெச்சுக்கும். அடிக்காம இருக்கறதுதான் அதுக்கு வழி. அந்தக் கட்டத்தைக் காலியாவே விட்டு ஆறு மணிக்குள்ள அனுப்பிடுங்க."

அடி உதவுவது போல அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்று கேட்டு வளர்ந்தவன் வால்டர். அடிக்காமல் ஜெயிக்கிற சண்டை ஒரு சண்டையா? முணுமுணுத்துக்கொண்டே கட்டத்தைக் காலியாக விட்டான்.

கரண்ட் போய் இரண்டு நாளாகிறது. இன்வெர்ட்டரில் லேப்டாப் மட்டும் ஓடியது. நாலு மணிக்கே ஹாலில் வெளிச்சம் வற்றிப்போய், மாதா படத்துக்கு முன்னால் ஏற்றிய மெழுகுவத்தியைத் தவிர, திரையின் நீலம் மட்டும் அவன் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. வெளியே மழை இல்லை, காற்று இல்லை, தெருவில் ஒரு நாய்கூட இல்லை. தொலைவில் தொழிற்சாலைப் பக்கமிருந்து ஒரு சைரன் எழுந்து பாதியில் அடங்கியது. உள்ளறையில் மகிமா இருமினாள். ஏழு வயசு, ஒற்றைப் பிள்ளை. அவன் எழுந்து போய் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான். அனல்.

"அப்பா, கீய யாரோ குளிக்கறாங்க."

"கீய யாரும் இல்லடா. செல்வம் மாமா வூட்ட பூட்டிகினு போய்ட்டாரு."

"தண்ணி சத்தம் கேக்குது. மொள்ள மொள்ள."

காது கொடுத்தான். அவனுக்கும் கேட்டது. ஈரத் துணியைத் தரையில் போட்டு இழுக்கிற சத்தம், கொஞ்சம் இழுத்து, நின்று, மறுபடி கொஞ்சம்.

கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். மூன்றாவது படி காய்ந்திருந்தது. நான்காவது, ஐந்தாவது, ஆறாவது, எல்லாம் காய்ந்திருந்தன. ஏழாவது படியில் அந்த ஒரு விரல்கடைத் தண்ணீர், அதே அளவு, அதே கறுப்பு, முனைக்கு முனை நின்றது. மொத்தம் பதினாலு படி.

தண்ணீர் மேலேறாது என்பது வால்டருக்குத் தெரியும். அவனுக்கு முதலில் வந்தது பயமில்லை, கோபம். என் வீட்டுப் படியில், என் பிள்ளை படுத்திருக்கும்போது, என்னிடமே வாலாட்டமா? அந்தக் கோபத்தோடே போன் அடித்தது. ஷெர்லின். ராயபுரத்தில் அவள் அப்பா ராசையாவின் மொத்தவிலைக் கடைக்குள் தண்ணீர் புகுந்ததால் மூட்டைகளை ஏற்றி வைக்க விடிகாலையில் போனவள்.

"ஏங்க, பாப்பா எப்படி இருக்கா?"

"ஜொரம் எறங்கல. நீ எப்ப வருவ?"

"பஸ் இல்ல. எப்படியும் ஏழு மணிக்குள்ள வந்துருவேன். அவள விட்டு அந்தாண்ட இந்தாண்ட போகாதீங்க. யாரு வந்து என்ன சொன்னாலும் கைய ஓங்கிட்டு நிக்காதீங்க. நேத்தே பால்காரன்கிட்ட அப்படித்தான் நின்னீங்க."

"இங்க எவன் வரப் போறான்" என்றான் அவன். படியைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாள் என்று நினைத்தான்.

போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்க் கல் உப்பு ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்தான். நீர்வகைக்கு உப்பு. தனக்குத்தானே செய்துகொண்ட கேலிதான் அது, பாதிக்கு மேல் கேலிதான். அதற்குள் தண்ணீர் ஒன்பதாவது படிக்கு வந்திருந்தது. ஒரு கை அள்ளி வீசினான்.

தண்ணீர் சுருங்கியது. சூடான தோசைக்கல்லில் பட்டதுபோல ஓரங்களை உள்ளிழுத்துக்கொண்டு, ஒரு குண்டான உருளையாகத் திரண்டு, மட மடவென்று படிகளில் உருண்டு கீழே இருட்டில் விழுந்தது. வால்டர் வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் கையில் ஜாடி லேசாகிவிட்டதை உணர்ந்தான். உள்ளே பார்த்தான். முக்கால் ஜாடி உப்பு இருந்தது, இப்போது ஒரு கல்கூட இல்லை.

கை தட்டிக் கொட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். குனிந்து தரையைத் தடவிப் பார்த்தான். தரையில் உப்பு இல்லை.

கதவைச் சாத்திவிட்டு மறுபடி திரைக்கு முன்னால் உட்கார்ந்தான். வேலை ஓடவில்லை. திரையில் தோஸ்து வீரனுக்குப் பக்கத்தில் தலை தொங்கியபடி நின்றுகொண்டிருந்தது. அவன் எதையும் அழுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் அது புகையாகக் கலைந்தது. அவ்வளவுதான், அத்தனை சுலபம். அவன் அதைப் பார்த்தான். பார்த்தும் அவனுக்கு உறைக்கவில்லை.

ஐந்து மணிக்குச் சத்தம் மாறியது. இப்போது ஈரத் துணிச் சத்தம் இல்லை. நறநறவென்று, உப்பை அம்மியில் வைத்து நுணுக்குகிற சத்தம், படி படியாக மேலே வந்தது.

கம்பியை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தான். பன்னிரண்டாவது படியில் அது இருந்தது. இப்போது அதற்கு ஒரு உயரம் இருந்தது, கவிழ்த்த குடத்தின் உயரம். மேலே வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்து ஓடு மாதிரி இறுகியிருந்தது. ஓட்டின் விரிசல்களுக்கிடையே கறுப்பு மினுங்கியது. முகம் இல்லை. ஆனால் அது தன்னைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறது என்று வால்டருக்குத் தெரிந்தது. அது அசையவில்லை. ஏறவில்லை. நின்றது. அந்த இனிப்பு வாடை அவன் நாக்கில் படிந்தது.

அவன் நினைத்திருந்தால் கதவைச் சாத்தியிருக்கலாம். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்பக்க மொட்டைமாடி வழியாகப் பக்கத்து வீட்டுக்குத் தாண்டியிருக்கலாம். அவன் கை ஏற்கெனவே ஓங்கியிருந்தது.

அடித்தான். ஓடு நொறுங்கியது. கம்பி சேற்றில் இறங்குவது போல உள்ளே இறங்கியது, மணிக்கட்டு வரை சில்லிட்டது, உள்ளே ஏதோ ஒன்று கம்பியின் மறுமுனையைப் பற்றியது. முரட்டுத்தனமாக இல்லை. கொடுக்கிற பொருளை வாங்கிக்கொள்கிறவன் பற்றுவது போல, மரியாதையாக. வால்டர் கையை விட்டான். விட்டானா, விடவைக்கப்பட்டானா என்று அவனுக்கே தெரியாது. அது சரிந்து படிகளில் உருண்டு விழுந்தது, கம்பியோடு.

அமைதி. பிறகு கீழே, முதல் படியிலிருந்து,

டங்.

கொஞ்சம் பொறுத்து, இரண்டாவது படியில்,

டங்.

அவன் கதவை அடித்துச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். இரண்டே எட்டில் உள்ளறைக்கு ஓடினான். மகிமா எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, இன்னா சத்தம்?"

"ஒண்ணும் இல்ல. நான் சொல்றத நல்லா கேளு. நான் வெளிய போனதும் தாப்பா போட்டுக்கோ. யார் தட்னாலும் தொறக்காத. என் கொரலு கேட்டாத்தான் தொறக்கணும். அப்பா கொரலு தெரியும்ல?"

"தெரியும்பா. ஹார்பர் கொரலு."

"அதான். அது கேட்டா மட்டும் தொற."

அவள் தாழ்ப்பாள் போடுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தான். போனை எடுத்தான். டவர் இல்லை. யாரைக் கூப்பிட்டு என்னவென்று சொல்வது? படியில் தண்ணீர் ஏறுகிறது என்றா?

டங்.

பதினான்காவது படி.

கதவுக்கு அந்தப்பக்கம் அது நின்றது. தட்டவில்லை. கம்பியின் நுனியைக் கதவில் வைத்து, இடம் பார்ப்பது போல, மெதுவாக மேலும் கீழும் உரசியது. துறைமுகத்தில் கொக்கி மாட்டும் ஓட்டையை இருட்டில் தேடும்போது வால்டர் அப்படித்தான் உரசுவான். பிறகு ஒரே குத்து. பலகை பிளந்து, தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் ஒரு கைமுட்டி அளவு ஓட்டை விழுந்தது.

தீ. அடுத்தது தீ.

அவன் யோசிக்கவில்லை. யோசிக்கிறவனாக இருந்தால் முதல் ஆயுதத்திலேயே நின்றிருப்பான். அவன் கைகளுக்கு வரிசை தெரியும். இரண்டு வருஷமாக ஒரு நாளைக்கு நூறு தடவை போன வரிசை. துடைப்பக்கட்டையில் பழைய துணியைச் சுற்றி, தேங்காய் எண்ணெயை அப்படியே கவிழ்த்து, மாதா படத்துக்கு முன்னால் எரிந்த மெழுகுவத்தியில் பற்றவைத்து, ஓட்டை வழியாகக் குத்தினான்.

அந்தப்பக்கம் ஒரு முனகல். அதன் குரலாக அவன் கேட்ட முதல் சத்தம். எரிந்த முடி நாற்றம். பாரம் விலகியது. படிகளில் எதுவோ வழுக்கி வழுக்கிப் போயிற்று. கட்டையை வெளியே இழுத்தான். தீ இல்லை. கரியில்லை, புகையில்லை, சூடுகூட இல்லை. திரும்பிப் பார்த்தான். மெழுகுவத்தியும் அணைந்திருந்தது. அடுப்படிக்கு ஓடி லைட்டரை அமுக்கினான். தீப்பொறி வரவில்லை. தீப்பெட்டியில் ஒவ்வொரு குச்சியாக உரசினான். ஒன்றும் பற்றவில்லை.

ஹாலுக்குத் திரும்பியபோது கதவின் ஓட்டை வழியாக வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. மஞ்சளாக, ஆடாமல், படிக்கட்டின் கீழிருந்து ஏறி வருகிற வெளிச்சம்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ரூத் எழுதியது முழுதாக நினைவுக்கு வந்தது. எதால அடிக்கிறீங்களோ அதை. உப்பு போயிற்று. இரும்பு போயிற்று. தீ போயிற்று. மூன்றையும் அவனே கொடுத்தான், கையில் வைத்துக் கொடுத்தான். செல்வம் ஒரு வலையை இழந்து தப்பித்துக்கொண்டான். முட்டாள். நான் முட்டாள்.

இனி அடிக்கக் கூடாது. சும்மா நிற்க வேண்டும். நின்றால் போய்விடும்.

அவன் ஹாலின் நடுவில் நின்றான். கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டான். நிற்பது என்பது அவனுக்கு வாழ்க்கையில் பழக்கமில்லாத காரியம். ஒன்று, இரண்டு என்று எண்ணினான். வெளிச்சம் கதவடிக்கு வந்து நின்றது. கம்பி ஓட்டைக்குள் நுழைந்தது. தாழ்ப்பாளைத் தேடி உரசியது. பதினொன்று. பன்னிரண்டு. வியர்வை கண்ணில் இறங்கியது. கம்பி நின்றது. பின்வாங்கியது. வெளிச்சம் மங்கியது. பதினைந்து. போகிறது. மாதாவே, போகிறது.

உள்ளறையில் மகிமா அழுதாள். "அப்பா! பயமா கீது!"

கம்பி நின்ற இடத்தில் நின்றது. பிறகு ஓட்டையிலிருந்து திரும்பி, சுவரை ஒட்டி, பிள்ளையின் குரல் வந்த திசைக்கு நேராகப் போய், சுவரின் வெளிப்பக்கம் ஒரு தட்டு தட்டியது. லேசாக.

டங்.

பெற்றவன் சும்மா நிற்பானா? இவ்வளவு நேரம் நின்றதே அதிகம். தாழ்ப்பாளை இழுத்துக் கதவைத் திறந்து, பன்னிரண்டு வருஷத் துறைமுகத்தையும் நெஞ்சில் திரட்டி, வால்டர் சத்தம் போட்டான்.

என்ன சொன்னான் என்பது அவனுக்கே தெரியாது. வார்த்தை இல்லை அது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. அது அவனுக்கு எதிரே, அவன் உயரத்துக்கு, உப்பு ஓட்டுக்குள் தீ எரிய நின்றிருந்தது; சத்தம் பட்டதும் ஓடு தெறித்தது, உருவம் கலைந்தது, கறுப்புத் தண்ணீராகப் பரந்து படிகளில் கொட்டியது. விடவில்லை. கத்திக்கொண்டே வெளியே பாய்ந்தான். ஒரு படி. இரண்டு படி. மூன்று. போ. போ. போ.

உள்ளங்கால்களுக்கு அடியில் ஒரு குளிர்ச்சி ஓடியது. மேலேயிருந்து கீழே இல்லை. கீழேயிருந்து மேலே.

திரும்பினான்.

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

மகிமா என்று கூப்பிட்டான். சத்தம் வரவில்லை. மறுபடி கூப்பிட்டான். வாய் திறந்தது, நெஞ்சு புடைத்தது, கழுத்து நரம்பு தெறித்தது. காற்றுகூட வரவில்லை. தொண்டை காலியாக இருந்தது, அந்த உப்பு ஜாடி மாதிரி.

உள்ளே யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டார்கள்.

"பாப்பா" என்றது ஹார்பர் குரல். "அப்பா வந்துட்டேண்டா. தாப்பாவ எடு."

வால்டர் கதவில் விழுந்து இரண்டு கைமுட்டிகளாலும் அடித்தான். தோளால் இடித்தான். தலையால் இடித்தான். கதவு அதிர்ந்தது. வீடே அதிர்ந்தது.

"அப்பா," மகிமாவின் குரல் நடுங்கியது, "கதவ அடிக்கறது யாருப்பா?"

"அதுதாண்டா அது. உள்ள வரப் பாக்குது. சீக்கிரம் தொற, நான் உன்ன தூக்கிக்கறேன்."

அவன் கைகள் அப்படியே நின்றன.

அடித்தால் அவள் பயந்து திறப்பாள். அடிக்காவிட்டால் பயம் தெளிந்து திறப்பாள். ஓட்டைக்குள் கையை விட்டுத் தாழ்ப்பாளை இழுத்தான்; அதன்மேல் உப்பு பூத்துக் கல்லாக இறுகியிருந்தது. ஓட்டையில் கண்ணை வைத்தான். ஹால் முழுக்க மஞ்சள் வெளிச்சம். உள்ளறைக் கதவுக்கு முன்னால் அது அவனுடைய உயரத்தில், அவனுடைய நசுங்கிய முழங்காலைச் சற்றே மடித்து நின்றபடி, காத்துக்கொண்டிருந்தது. கம்பியைப் பின்னால் மறைத்து வைத்திருந்தது.

உள்ளறைத் தாழ்ப்பாள் உரசியது. கொஞ்சம் இறுக்கமான தாழ்ப்பாள். எண்ணெய் போடச் சொல்லி ஷெர்லின் பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சிக்கியது. போடு பாப்பா, திரும்பப் போடு. மறுபடி உரசியது. விட்டது.

கதவிடுக்கில் ஜுரத்தில் சிவந்த ஒரு சின்ன முகம் தெரிந்தது. வெளிச்சத்தில் கண் கூசி, இமைகளை இறுக்கி மூடிக்கொண்டு, தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டியது. அது குனிந்தது. வால்டர் எப்படிக் குனிவானோ அப்படியே குனிந்தது.

"அப்பா," என்றாள் மகிமா, இன்னும் கண் திறக்காமல், அதன் தோளில் கன்னத்தைச் சாய்த்து. "ஜில்லுனு கீதுப்பா. நல்லா கீது."